கூறு போட்ட க்ரீம்

சம்பளம் கொடுக்கிறவன் உங்கள் முகத்தை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "இது பழசாயிடுச்சு, ஏதாவது பண்ணுங்க" என்று எப்போதாவது சொல்லியிருக்கிறானா? சொல்லியிருந்தால் நீங்கள் என்ன செய்தீர்கள்? அறைந்தீர்களா?

என் அத்தை அறையவில்லை. மறுநாள் காலை எங்கள் தங்கச் சுரங்க ஊரின் கோரமண்டல் ஸ்டேஷனில் என் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஏண்டி, உன் லேப்ல மூஞ்சிக்கு க்ரீம் பண்றியே, அதுல கொஞ்சம் எனக்குத் தாயேன்" என்று கேட்டாள். அவ்வளவுதான். அவள் கேட்ட விதத்தைப் பார்த்தால் காபிப்பொடி தீர்ந்துபோய்ப் பக்கத்து வீட்டில் கேட்கிற மாதிரி இருந்தது. எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. இன்னும் எரிகிறது. அதனால் இதை வேகமாக அடித்துக்கொண்டிருக்கிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. மாமா போன பிறகு சுரங்கத் தொழிலாளர் லைனில் எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள். பெங்களூரில் ஒரு பெரிய புடவைக் கடையில் வேலை. கல்யாணப் பட்டு செக்‌ஷன், முன் கவுண்டர். அந்தக் கவுண்டரில் நிற்பது சும்மா இல்லை. கஸ்டமர் தயங்கினால் புடவையை உதறித் தன் தோளில் போட்டுக் காட்டுவாள். ஒரே உதறலில் முந்தி முழுக்க விரிந்து நிற்கும். கல்யாணப் பெண் ஒரு புடவையையும் அவள் அம்மா இன்னொரு புடவையையும் பிடித்துக்கொண்டு சண்டை போட்டால், அத்தை இரண்டு பேரிடமும் பேசமாட்டாள். கூட வந்திருக்கிற சித்தியைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க மேடம், உங்க டேஸ்ட் நல்லா கீது" என்பாள். சித்தி சொல்வதுதான் பில்லுக்குப் போகும். அத்தைக்கு அதில் ஒரு போதை. ராத்திரி வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைப்பதற்கு முன்னால் அன்றைக்கு விற்ற புடவைகளின் கதையைச் சொல்லியே ஆகவேண்டும்.

அந்தக் கவுண்டரைத்தான் பிடுங்கப் பார்த்தார்கள். ஃப்ளோர் மேனேஜர் என்று ஒருவன். எனக்கு அண்ணன் வயசு இருந்தால் அதிகம். முன் கவுண்டரில் முகங்கள் ஃப்ரெஷ்ஷாகத் தெரியவேண்டும் என்று முதலாளி சொல்கிறாராம். ஆஷாட சேல், நம் ஆடித் தள்ளுபடிதான், முடிகிற வரைக்கும் பார்ப்பானாம். அப்படியும் சரிப்படவில்லை என்றால் அத்தை பேஸ்மென்ட்டுக்குப் போகவேண்டும். அங்கே பெட்டி பிரித்து, மடித்து, விலைச்சீட்டு ஒட்டுகிற வேலை. ஜன்னல் கிடையாது. கஸ்டமர் கிடையாது. பேச ஆளே கிடையாது.

"லிஃப்ட்ல ஒரு மாடி கீழ, அவ்ளோதான் மேடம்னு சொல்றான்டி" என்று அத்தை ரயிலில் சொன்னாள். "எங்கப்பா சொரங்கத்துக் கூண்டு லிஃப்ட்ல, அந்தக் கேஜ்ல, எறங்கி எறங்கி, கடைசில இருமியே செத்தாரு. அவரு பொண்ணு ஏசில நின்னு பட்டு விக்கிறாள்னு லைனே பேசிச்சு. இப்ப இன்னாடான்னா என்னையும் கேஜ்ல ஏத்தறானுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எதிர் சீட்டில் இருந்த ஆள்கூடச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முகம் பழசாகாமல் வேறு என்ன ஆகும்? விடிவதற்கு முன் எழுந்து, ஜன்னலோரக் காற்றில் ஊரைத் தாண்டி, பகல் முழுக்க ஏசியில் காய்ந்து, திரும்ப அதே ரயிலில் அதே காற்று. ஆடி மாதம் வந்தால் சுரங்கத்தில் தங்கம் பிரித்த சக்கையைக் கொட்டிவைத்த சயனைட் மேட்டு மண் பறந்து வந்து வாசலில் காயப்போட்ட வடாம் வரைக்கும் வெள்ளையாகப் படியும். கொடியில் இருக்கிற துணியை எடுத்து உதறினால் இருமல் வரும். குழாய்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. இவ்வளவையும் முகத்தில் வாங்கிக்கொண்டு ஒருத்தி தினமும் சிரித்துக்கொண்டே புடவை விற்கிறாள். அவளைப் பார்த்து ஃப்ரெஷ்ஷாக இல்லை என்று சொல்ல அந்த ஆளுக்கு வாய் எப்படி வந்தது?

சரி, என் வேலையைச் சொல்கிறேன். எம்.ஃபார்ம் முடித்துவிட்டு பெங்களூரில் ஒரு சின்ன காஸ்மெடிக்ஸ் கம்பெனியில் இருக்கிறேன். லைனில் என்னைப் 'பவுடர் டப்பா' என்று கிண்டல் செய்கிறார்கள். நான் செய்வது பவுடர் இல்லை. சால்னா மேலே எண்ணெய் மிதக்கிறதே, அதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெயும் தண்ணீரும் சேராது. கரண்டி போட்டுக் கலக்கினால் கொஞ்ச நேரம் சேர்ந்த மாதிரி இருந்துவிட்டுப் பிரிந்துவிடும். அதே எண்ணெயைப் பயங்கர அழுத்தத்தில் ஒரு மெஷினுக்குள் திரும்பத் திரும்பத் தள்ளி, கண்ணுக்குத் தெரியவே தெரியாத துளிகளாக உடைத்துத் தண்ணீரில் நிறுத்தினால் அது நானோ எமல்ஷன். பால் மாதிரி இருந்தது தெளிந்துகொண்டே வரும். வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் லேசாக நீலம் அடிக்கும். அந்த நீலத்தை முதல்முறை பார்த்த அன்றைக்கு லேபில் தனியாக நின்று விசில் அடித்தேன்.

தோல் சும்மா எதையும் உள்ளே விடாது. மேல் அடுக்கு ஒரு சுவர் மாதிரி. வயசாக ஆக அந்தச் சுவர் காய்ந்து வெடிக்கும், அதற்காக நல்ல சரக்கை உள்ளே விட்டுவிடும் என்று அர்த்தமில்லை. எந்த மூலிகைச் சாற்றை மேலே பூசினாலும் முக்கால்வாசி அப்படியே நின்று, துண்டில் துடைத்ததும் போய்விடும். அந்தச் சாற்றைப் பொடித் துளிக்குள் வைத்து அனுப்பினால் இன்னும் கொஞ்சம் ஆழம் போகும். போகலாம். இந்தப் 'போகலாம்' என்பதைப் 'போகிறது' என்று நிரூபிக்கத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். நான் எடுத்துக்கொண்டது ஆவாரம்பூ. சாறு எடுத்த சூட்டிலேயே பழுப்பாகும். வெயில் காலத்தில் துளிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து பெரிசாகி, பாட்டில் கழுத்தில் எண்ணெய் வளையம் கட்டும். எத்தனை பேட்ச் அப்படிப் பிரிந்துபோய் சிங்க்கில் ஊற்றினேன் என்று எண்ணவே இல்லை. கடைசியில் ஒன்று நின்றது.

அத்தையிடம் இதைச் சொன்னபோது அவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"இன்னாது, ஆவாரம்பூவா? ஸ்டேஷனாண்ட சும்மா பூத்துக் கெடக்குதே அதுவா? அதுக்கா அவ்ளோ படிப்பு படிச்ச?"

"பூ பெருசில்ல அத்தே. அது உள்ள போவணும். அதான் மேட்டரு."

"எனக்கும் அதான்டி மேட்டரு. நானு வெளிய நிக்கணும்."

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மேடத்துக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். மேடம் என்றால் கம்பெனி ஓனர். வயசான தோலில் க்ரீமைச் சோதித்துப் பார்க்கவேண்டும். பெங்களூரில் வந்த பெண்களை எல்லாம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இவங்க ஸ்கின் எல்லாம் ஆல்ரெடி நல்லாருக்கு, டிஃபரன்ஸே தெரியாது. உங்க ஊர்ல கேளேன். சன், டஸ்ட், ஹார்ட் வாட்டர்... ஐடியல் ஸ்கின் இல்ல?"

ஐடியல். எங்கள் லைன் பெண்களின் முகம் யாரோ ஒருத்திக்கு ஐடியலாகத் தெரிந்தது அந்த ஒரே முறைதான்.

பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன். அத்தையைச் சேர்த்துவிடலாம் என்று ஒரு கணக்கு. சோதனை சரியாக நடந்தால் என் க்ரீம் நிஜமா பொய்யா என்று தெரிந்துவிடும் என்று இன்னொரு கணக்கு.

எங்கள் ஊர் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு சின்ன ஹாலைப் பிடித்தோம். லைனிலிருந்து பெண்கள் வந்தார்கள். எதிர்வீட்டு அக்காதான் எல்லாரையும் இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் கூப்பிட்டால் லைனில் யாரும் வரமாட்டேன் என்று சொல்வதில்லை. தீபாவளிக்கு எல்லாரும் சேர்ந்து ஆடு வாங்கினால் கறியைக் கூறு போட்டுப் பிரிப்பது அவள்தான். அவள் வைத்த கூறில் குறை இருக்கிறது என்று இதுவரை யாரும் வாய் திறந்ததில்லை.

நான் முன்னால் நின்று விளக்கினேன். ஒவ்வொருவருக்கும் இரண்டு டப்பா. வெள்ளை மூடி வலது கன்னத்துக்கு, நீல மூடி இடது கன்னத்துக்கு. ஒன்றில் ஆவாரம்பூ போட்ட நானோ க்ரீம், இன்னொன்றில் ஒன்றுமில்லாத வெறும் க்ரீம். எதில் எது என்று மேடத்துக்கு மட்டும்தான் தெரியும். எனக்கே தெரியாது. தெரிந்தால் என் ஆசைக்கு ஏற்ற மாதிரி என் கண் பார்க்கும், அதனால் தெரியக்கூடாது. காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. மாற்றிப் போடக்கூடாது.

எதிர்வீட்டு அக்கா கையைத் தூக்கினாள். "ஒரு பக்கம் கொமரியாவும் ஒரு பக்கம் கெழவியாவும் ஆயிட்டா எங்க வூட்டுக்காரரு எந்தப் பக்கம் படுக்கிறதாம்?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. பின்னாலிருந்து ஒரு குரல்: "அவரு எப்படியும் படுத்தா செவுத்தப் பாத்துக்கினுதானே படுப்பாரு!"

சிரிப்பு அடங்கியதும், முகத்துக்குத் துணி சோப்பு போடக்கூடாது, மஞ்சளும் பூசக்கூடாது என்றேன். சத்தம் நின்றுபோனது.

"வெள்ளிக்கெழம கூடவா?"

"வெள்ளிக்கெழம கூடத்தான்க்கா."

"சாமி கேட்டா?"

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

"பேசுவடி, பேசுவ. காலேஜ் படிச்சவளாச்சே."

அப்புறம் போட்டோ எடுத்தார்கள். கம்பெனியிலிருந்து வந்த பெண் விளக்கைப் பக்கவாட்டில் வைத்தாள். அப்படி வைத்தால் ஒவ்வொரு சுருக்கத்துக்கும் ஒரு நிழல் விழும். அத்தை உட்கார்ந்ததும் பழக்கத்தில் சிரித்தாள், கவுண்டரில் சிரிக்கிற அதே சிரிப்பு. "மேடம், ஸ்மைல் வேண்டாம், ப்ளீஸ்." அத்தை வாயை மூடிக்கொண்டாள். வலது கண்ணின் ஓரத்தில் அவளுக்கு ஒரு மச்சம் உண்டு. சிரிக்கும்போது அது சுருக்கத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். சிரிக்காதபோது தனியாக நிற்கும். அன்றைக்கு அது தனியாக நின்றது.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் நன்றாக இருந்தன என்று சொல்வதற்கே கோபமாக இருக்கிறது. ஆனால் நன்றாகத்தான் இருந்தன. ரயில் அடுத்த ஸ்டேஷன் ஊர்காம் தாண்டுவதற்குள் அத்தை போன் கேமராவைத் திருப்பி முகத்தைப் பார்ப்பாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கன்னம் மெத்தென்று ஆகியிருந்தது. கண்ணைச் சுற்றி எப்போதும் செதில் மாதிரி ஒரு வறட்சி இருக்குமே, அது போயிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"அந்த மேனேஜரு இன்னா கேட்டான் தெரியுமா? லீவு போட்டு எங்கனா போயிட்டு வந்தீங்களா மேடம், ஒரு மாதிரி ஃப்ரெஷ்ஷா கீறீங்கன்னு கன்னடத்துல கேக்கிறான்டி!"

"நீ இன்னா சொன்ன?"

"சிங்கப்பூருன்னேன்."

ஆஷாட சேல் கூட்டத்தில் அவளை முன் கவுண்டரிலேயே நிறுத்தினார்கள். வீட்டுக்கு மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தாள். பேஸ்மென்ட் பேச்சே இல்லை. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

அளவெடுக்கிற நாள் வந்தது. பேனா மாதிரி ஒரு கருவி. கன்னத்தில் வைத்து அழுத்தினால் தோலில் ஈரம் எவ்வளவு, இழுவை எவ்வளவு என்று காட்டும். வரிசையாக எல்லாருக்கும் வைத்தேன். எல்லாருக்கும் முன்பைவிட நன்றாக இருந்தது. வலது கன்னம் நன்றாக இருந்தது. இடது கன்னமும் அதே அளவு நன்றாக இருந்தது. முதல் ஆளுக்கு அப்படி. இரண்டாவது ஆளுக்கு அப்படி. கடைசி ஆள் வரைக்கும் அப்படியே.

மேடம் லேப்டாப்பையே வெறித்துப் பார்த்தார். "அப்போ நம்ம நானோவுக்கும் சும்மா க்ரீமுக்கும் வித்தியாசமே இல்லையா?"

கடைசி ஆளைத் திரும்பக் கூப்பிட்டு இரண்டு கன்னத்திலும் இன்னொரு முறை வைத்துப் பார்த்தேன், அதே அளவுதான். அவ்வளவு பேட்ச், அந்த நீலம், அந்த விசில், எல்லாம் வெறும் தண்ணீரா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா கறிவேப்பிலை வாங்கி வரச் சொன்னாள் என்று எதிர்வீட்டுக்குள் போனேன். நடுக்கூடத்தில் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு எவர்சில்வர் குண்டான். எதிர்வீட்டு அக்கா கரண்டியால் மொண்டு மொண்டு சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டுக்கொண்டிருந்தாள். ஊறுகாய் டப்பா, தைல டப்பா, கோயில் குங்கும டப்பா. ஓரத்தில் வெள்ளை மூடியும் நீல மூடியும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"இன்னாக்கா இது?"

"க்ரீமு."

"யாரோடது?"

"எல்லாரோடதும்."

"ரெண்டையும் கலந்துட்டீங்களா?"

"மொத நாளே கலந்துட்டோம், இது மீந்தது" என்றாள் அக்கா, கரண்டியை நிறுத்தாமல். "நீதானேடி சொன்ன? ஒண்ணுல மருந்து கீது, ஒண்ணுல ஒண்ணியும் இல்ல, எதுல எதுன்னு எனக்கே தெரியாதுன்னு. அப்ப ஒவ்வொருத்திக்கும் பாதி மூஞ்சி நஷ்டந்தானே? ஆட்டுக்கறி கூறு போட்டா ஒரு கூறுல ஈரலு, ஒரு கூறுல வெறும் எலும்புன்னா வெக்கிறோம்? எல்லாக் கூறுலயும் எல்லாம் வரணும்."

"இது ஆடு இல்லக்கா! ஆராய்ச்சி!"

"ஆராய்ச்சின்னா பாதி மூஞ்சியப் பட்டினி போடணுமா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு பெண் டப்பாவை நீட்டினாள். அவள் சோதனையிலேயே இல்லை. அவளுக்கும் ஒரு கூறு விழுந்தது. கேட்டால், "அவ மட்டும் இன்னா பாவம் பண்ணா, அந்த நாளு ஊர்ல இல்ல, அவ்ளோதானே" என்றார்கள்.

மூலையில் அத்தை உட்கார்ந்திருந்தாள், கையில் தைல டப்பாவோடு.

"அத்தே, நீயுமா?"

அவள் டப்பாவைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். "நானு கவுண்டர்ல ரெண்டு பக்கமும் திரும்பித் திரும்பி நிக்கணும்டி. ஒரு பக்கத்த மட்டும் காட்டிக்கினு எப்படிப் பொடவ விக்கிறது?"

கத்தினேன். லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். உங்களுக்கெல்லாம் எதைக் கொடுத்தாலும் உருப்படாது என்றேன். கறிவேப்பிலையை வாங்காமலேயே வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். கதவுக்குப் பின்னால் நின்றபோது சிரிப்பு வந்தது, அதுவும் என் கோபத்தைக் கூட்டியது. ஏனென்றால் அவர்கள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயத்தால்தான் என் வேலை மொத்தமும் நாசமாகியிருந்தது.

திங்கட்கிழமை மேடத்திடம் உள்ளது உள்ளபடி சொன்னேன். சோதனை கெட்டுவிட்டது, வேறு ஆட்களை வைத்து முதலிலிருந்து செய்யவேண்டும் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். மேடம் நாற்காலியில் சாய்ந்தார். முகம் மலர்ந்தது.

"சோ, எல்லாருக்குமே இம்ப்ரூவ் ஆகியிருக்கு. ரெண்டு பக்கமும்."

"எதனால ஆச்சுன்னு தெரியாது மேடம். முகத்துக்குத் துணி சோப்பு போட்டவங்க அதை நிறுத்தினாங்க. தினம் ரெண்டு வேளை எதையோ ஒண்ணு தடவினாங்க. வெறும் க்ரீமே இதைப் பண்ணியிருக்கலாம்."

"பட், ஆச்சு இல்ல?"

"மேடம், நம்ம நானோ வேலை செஞ்சுதான்னு இதுல கண்டுபிடிக்கவே முடியாது."

"கஸ்டமர் அதையா கேக்கப் போறாங்க?" என்றார் மேடம். "வயசான ஸ்கின்ல டெஸ்ட் பண்ணோம், எல்லாருக்கும் நல்லா ஆச்சு. இதுல ஒரு வார்த்தை பொய் காட்டு பார்க்கலாம்."

ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். ஒவ்வொரு வார்த்தையும் நிஜம், மொத்தமாகச் சேர்த்தால் பொய். குண்டானில் கலந்த லைன் பெண்கள் எதையும் மறைக்கவில்லை, கூடத்தின் நடுவில் வைத்துத்தான் கலந்தார்கள். இங்கே ஏசி ரூமில், என் கண்ணெதிரே, நிஜத்தையும் பொய்யையும் தெரிந்தே கலந்தார்கள். என் க்ரீம் வேலை செய்கிறதா இல்லையா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஆனாலும் அதைக் கடையில் விற்கிறார்கள்.

விளம்பரம் வந்தது. போனைத் திறந்தால் வந்து நின்றது. இடது பக்கம் ஒரு கண்ணின் ஓரம், பெரிதாக்கப்பட்டு, பாளம் பாளமாக வெடித்த ஏரி மாதிரி. கீழே 'முன்பு' என்று. வலது பக்கம் வழவழவென்று ஒரு கண், 'பின்பு' என்று. அந்த இடது பக்கத்தில் மச்சம் தனியாக நின்றது.

அத்தையின் 'பின்பு' போட்டோவும் எடுத்திருந்தோம். நன்றாகத்தான் இருந்தது. ஐம்பதை நெருங்குகிற ஒருத்தியின் முகம், கொஞ்சம் தெளிச்சியாக, அவ்வளவுதான். அது போதாதாம். இன்னும் கொஞ்சம் டிராமாட்டிக்காக வேண்டுமாம். அதனால் 'பின்பு' கண்ணுக்கு யாரோ ஒரு சின்னப் பெண்ணைப் பிடித்திருக்கிறார்கள்.

புடவைக் கடையில் இருக்கிற பெண்கள் எல்லாருக்கும் சாப்பாட்டு நேரத்தில் போன்தானே வேலை. அத்தையோடு பட்டு செக்‌ஷனில் நிற்கிற ஒரு பெண்தான் முதலில் பார்த்தாள். மச்சத்தைப் பார்த்ததும், "அய்யோ அக்கா, இது உங்க கண்ணு!" என்று கத்தியிருக்கிறாள். அவள் சந்தோஷமாகத்தான் கத்தினாள், அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். போன் கைமாறிக் கைமாறி மேனேஜர் கைக்குப் போனது. அவன் படத்தைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான், திரும்பப் படத்தைப் பார்த்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் ரயிலில் அத்தை அவன் பேசினதை அவன் குரலிலேயே பேசிக் காட்டினாள். "நான் ஒருத்தன் சொன்னா கோவம் வரும். இப்ப ஊருக்கே நீங்களே விளம்பரம் குடுத்துட்டீங்களே மேடம். இனிமே கஸ்டமரு பொடவைய பாப்பாங்களா, உங்க கண்ண பாப்பாங்களா?"

"நீ ஒண்ணும் சொல்லலையா? இப்ப உன் முகம் அப்படி இல்லையே! அவனே ஃப்ரெஷ்ஷா இருக்கீங்கன்னு சொன்னானே!"

"சொன்னேன்டி. 'ஃபோட்டோல அப்படித்தானே கீது'ன்னான்."

புரிகிறதா? எதிரில் உயிரோடு நிற்கிற முகத்தை விட்டுவிட்டான். போனில் இருக்கிற முகத்தை நம்பினான். என் கம்பெனி எடுத்த முகம். பக்கவாட்டில் விளக்கு வைத்து, சிரிக்காதே என்று சொல்லி எடுத்த முகம்.

அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "சிரிக்க வுட்டிருந்தா மச்சம் தெரிஞ்சிருக்காது" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்ன குறை.

விஷயம் லைனுக்குத் தெரிந்ததும் எதிர்வீட்டு அக்கா கொண்டையை முடிந்துகொண்டு வந்துவிட்டாள். "கெளம்புங்கடி, காலைல வண்டிக்கு எல்லாரும் போலாம். அந்தக் கடைல போயி நிக்கலாம். அப்பால இவ கம்பெனிக்கும் போலாம். கண்ணு எங்க ஊரு கண்ணு, காசு மட்டும் உங்குளுதான்னு கேக்கலாம்." போயிருப்பார்கள், சத்தியமாகப் போயிருப்பார்கள். அத்தைதான் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்க்கா. போனா கீழயும் வெக்க மாட்டான்."

நான் மட்டும் மேடத்திடம் போனேன். கத்தவில்லை. "அது என் அத்தை மேடம். அவங்க வேலை போற மாதிரி ஆயிடுச்சு. அந்தப் படத்தை எடுங்க."

மேடம் நிஜமாகவே வருத்தப்பட்டார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ, சொல்லியிருக்கலாமே. மச்சத்தாலதானே கண்டுபிடிச்சாங்க? எடுத்துடச் சொல்றேன்."

சாயங்காலத்துக்குள் எடுத்துவிட்டார்கள். மச்சத்தை. படம் அப்படியே இருக்கிறது. கண்ணின் ஓரம் இப்போது வழித்த மாதிரி, மச்சம் இருந்த இடத்தில் பக்கத்துச் சுருக்கத்தை இழுத்து ஒட்டியிருக்கிறார்கள். இப்போது யாராலும் அது யாருடைய கண் என்று சொல்ல முடியாது. நான் சொல்வேன். ஒவ்வொரு கோடும் தெரியும் எனக்கு. ஜன்னல் காற்று போட்ட கோடு, ஆடிக்காற்று போட்ட கோடு, பொய்யாகவும் நிஜமாகவும் சிரித்துச் சிரித்துப் பட்டு விற்றதால் விழுந்த கோடு.

நீ ஏன் இன்னும் அங்கேயே வேலை செய்கிறாய் என்று கேட்பீர்கள். அந்த மெஷின் என் வீட்டில் இல்லை, அதனால்தான். ஒரு தடவையாவது ஒழுங்காகச் சோதித்துப் பார்க்காமல் நான் அங்கிருந்து நகரமாட்டேன். அந்தப் பேச்சை எடுத்தாலே மேடம் அடுத்த ப்ராடக்ட் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்.

ஆஷாட சேல் முடிந்த மறுநாளே அத்தையை லிஃப்ட்டில் ஏற்றிவிட்டார்கள். முன் கவுண்டரில் இரண்டு சின்னப் பெண்கள் நிற்கிறார்கள். புடவையை உதறத் தெரியவில்லை, மேஜைமேல் பரப்பிக் காட்டுகிறார்கள் என்று அத்தை கேள்விப்பட்டு வந்து சொன்னாள். ராத்திரி சோற்றுக்கு முன்னால் சொல்ல இப்போது அவளிடம் புடவைக் கதை இல்லை. தைல டப்பாவில் அவள் கூறு இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறது. தினம் காலையில் கிளம்பும்போது விரலால் வழித்து இரண்டு கன்னத்திலும் ஒரே அளவாகப் பூசிக்கொள்கிறாள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "லிஃப்ட்ல கண்ணாடி கீதுடி" என்றாள்.

இப்போது சாப்பாட்டு நேரம். அத்தைக்குப் போன் போட்டேன். பேஸ்மென்ட்டில் டவர் இல்லை.